மாமாவுக்கு வேலை கிடைத்த என் இன்டர்வியூ

என் வாழ்நாளில் ஒரே ஒரு இன்டர்வியூவுக்குத்தான் போயிருக்கிறேன். அதில் என் மாமாவுக்கு வேலை கிடைத்தது.

இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நானும் பல தடவை கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருக்கிறேன். ஆனால் ஒருவராவது கதையை முழுசாகச் சொல்வதில்லை. சிரிப்பு வரும் இடத்தோடு நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். மிச்சத்தை நானாவது எழுதி வைக்கிறேன். (பேசச் சொன்னால்தான் எனக்கு வராது. எழுதச் சொன்னால் நோட்டு நோட்டாக எழுதுவேன்.)

நான் ஊமை இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வரிசையில் குடியிருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் நன்றாகவே பேசுவேன். தங்கச்சி கமலத்தோடு மல்லுக்கு நிற்பேன். வெளியாள் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், தொண்டையில் யாரோ கதவைச் சாத்திவிடுவார்கள். முடிவெட்டுகிறவர் "போதுமா தம்பி?" என்று கேட்பார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பையனுக்கு இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று அவர் மேலும் வெட்டுவார். இப்படி மூன்று தடவை மொட்டையாக வீட்டுக்கு வந்தேன். எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அம்மாவிடம் விசாரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் "பிரசன்ட் சார்" எனக்கு மட்டும்தான் கேட்கும். வகுப்பில் முதலாவதாக வந்த பையன் வருஷத்தில் பாதி நாள் பள்ளிக்கே வரவில்லை என்று ரிஜிஸ்டரில் பதிவாகியிருந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான சீனியர் பாஸ் பண்ணிய பிறகு தலைமையாசிரியர் கொடுத்த நற்சான்றிதழில், 'இந்த மாணவனால் இப்பள்ளியில் ஒரு சத்தமும் எழுந்ததில்லை' என்று எழுதியிருந்தார். அது பாராட்டா புகாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது மலாய் நாட்டில் ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், ஈயச் சுரங்கங்களில் குறைத்தார்கள், கடைசியில் அது செந்தூல் ரயில் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. அப்பா அங்கே பத்தொன்பது வருஷமாக ஃபிட்டர். ஒரு சாயங்காலம் கையில் ஒரு காகிதத்தோடு வந்து, என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மாதக் கடைசியோடு வேலை முடிந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஊருக்குத் திரும்புவதானால் குடும்பத்துக்கு நாகப்பட்டினம் வரை கப்பல் டிக்கெட் உண்டு. நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா பனியனைக் கழற்றாமல் நின்றுகொண்டே இருந்தார். கமலம்தான், "யாரு ஊருக்குப் போறது?" என்று கேட்டாள். அவளுக்குப் பதினோரு வயது. அவளும் நானும் இங்கேயே பிறந்தவர்கள். ஊர் என்பது எங்களுக்கு அப்பா என்னை எழுதச் சொல்லும் கடிதங்களின் விலாசம், அவ்வளவுதான்.

நான் வேலைக்கு மனு எழுத ஆரம்பித்தேன். மனு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் எழுதினேன். ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது. கிள்ளானில் ஒரு ரப்பர் கம்பெனி (பெயர் எதற்கு, அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை), கிடங்குக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேண்டும், வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துரையை நேரில் பார்க்கவும் என்று. கடிதத்தின் கடைசி வரி, தேர்வாகும் கிராணிக்குக் கிடங்கின் பின்னால் வீடு தரப்படும் என்றது. அந்த வரியை மட்டும் அப்பா என்னை மூன்று தடவை படிக்க வைத்தார்.

"வீடும் உண்டுன்னா போட்டிருக்கான்?"

"ஆமாப்பா."

"அப்ப கப்பல் வேணாம்," என்றார் அப்பா. அம்மா அப்போதே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். ஆக விஷயம் இதுதான்: எனக்கு வேலை கிடைத்தால் நாங்கள் நாலு பேரும் கிள்ளானில் இருப்போம், கிடைக்காவிட்டால் கப்பலேறுவோம். எங்கள் எல்லாருடைய தலையெழுத்தையும் கொண்டுபோய் ஆண்டவன் என் வாயில் வைத்திருந்தான். அவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி, என்னைவிட எட்டு வயது மூத்தவர், ஊரிலிருந்து வந்து மூன்று வருஷமாக எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். பாசார் சந்தைப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றார். படிப்பு ஆறாவதோடு சரி. ஆனால் இங்கிலீஷ், மலாய், பாதிச் சீனம் எல்லாவற்றையும் பேசிப் பேசியே பிடித்துவிட்டார். மாமாவைக் கொண்டுபோய் சடக்கில் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால், கம்பத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிற ஆள். அவர்தான் எனக்குப் பயிற்சி கொடுப்பது என்று வீட்டில் முடிவானது.

துரை என்னென்ன கேட்பார் என்று யோசித்து நாற்பது கேள்விகள் எழுதினேன். நாற்பதுக்கும் பதில் எழுதினேன். சிலவற்றுக்கு இரண்டு பதில், துரை சிடுமூஞ்சியாக இருந்தால் ஒன்று, நல்ல மனுஷனாக இருந்தால் ஒன்று. தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் மாமா அப்பாவின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். நான் எதிரே நிற்பேன். அவர் இங்கிலீஷில் பெயர் கேட்பார். மாமாதான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தொப்பியைப் பார்த்ததும் கதவு சாத்திக்கொள்ளும். "அடச்சீ, இப்படிச் சொல்லுடா," என்று அவரே நோட்டைப் பிடுங்கிப் பதிலைச் சத்தமாக ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டுவார். நான் தலையாட்டுவேன். அடுத்த கேள்வி. அதற்கும் அவரே சொல்லிக் காட்டுவார். ஒரு வாரம் இப்படி நடந்தது. கடைசியில் நாற்பது பதிலும் நோட்டைப் பார்க்காமல் கடகடவென்று ஒப்பித்தவர் மாமா. பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்த மனுஷன், "நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவன் சார்" என்று கண்ணில் பெருமை பொங்கச் சொன்னார்.

நானும் சும்மா இருக்கவில்லை. தனியாக ஒரு வழி கண்டுபிடித்தேன். சரக்கு ரயில் போகும் சத்தத்தில் நான் பேசுவது யாருக்கும் கேட்காதில்லையா, அதனால் தண்டவாளத்தின் ஓரமாகப் போய் நின்று, ரயில் வரும்போது மட்டும் பதில்களை உரக்கக் கத்திப் பார்த்தேன். அருமையாக வந்தது. என் குரல் இவ்வளவு பெரிதா என்று எனக்கே ஆச்சரியம். மூன்றாம் நாள் வந்த ரயிலுக்கு நான் எதிர்பார்த்ததைவிடப் பெட்டிகள் குறைவு. ரயில் போய்விட்டது, நான் மட்டும் அங்கேயே நின்று, "நான் நேர்மையானவன், கடுமையாக உழைப்பேன் சார்" என்று இங்கிலீஷில் அலறிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா வாளியை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடினாள். அன்று அம்மா என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய் மந்திரித்துத் திருநீறு போட்டுவிட்டாள். தண்டவாளப் பயிற்சி அதோடு நின்றது.

வியாழக்கிழமை வந்தது. இனிமேல் நடந்ததெல்லாம் என் பயத்தால் மட்டும் நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டு மரியாதைக்கும் அதில் பங்குண்டு.

முதல் விஷயம், பையன் தனியாகப் போகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பெரிய மனுஷரைப் பார்க்கப் போகும்போது பெரியவர் ஒருத்தர் கூட வந்து பேசினால்தான் குடும்பத்துக்கு மதிப்பு. பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையா பேசுகிறான்? பெரியவர்கள் பேசுகிறார்கள், மாப்பிள்ளை தரையைப் பார்க்கிறான். இதுவும் அப்படித்தானே என்பது அம்மாவின் வாதம். எனக்கு அந்த வாதம் தேனாக இனித்தது. மாமா வருவதென்று ஆனது.

அடுத்தது கோட்டு. பக்கத்து வீட்டில் ஒரு ஸ்டேஷன் கிராணி இருந்தார். கழுத்துவரை பொத்தான் வைத்த அவருடைய வெள்ளைக் கோட்டை எனக்காகக் கேட்டு வாங்கியிருந்தார்கள். போட்டுப் பார்த்தால் கை என் விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. மாமாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. "கூட வர்ற ஆள வச்சுத்தான் பையன எடை போடுவாங்க, நீயே போட்டுக்கடா," என்று அம்மா தம்பியிடம் சொல்லிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்துச் சட்டையோடு கிளம்பினேன்.

அப்புறம் பழத்தட்டு. பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? ஒரு சீப்பு வாழைப்பழம், அன்னாசி இரண்டு, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து மேலே துணி போட்டு மூடிக் கொடுத்தாள். கோட்டுப் போட்டவர் தட்டுத் தூக்குவாரா? நான்தான் தூக்கினேன். கிள்ளானுக்கு ரயிலில் போகும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது பதிலையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆபீஸில் பியூன் என் பெயரைக் கூப்பிட்டான். மாமா எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், நான் தட்டோடு பின்னால். உள்ளே துரை, அவர் மேஜை, எதிரே ஒரே ஒரு நாற்காலி. துரை நிமிர்ந்து பார்த்து, உட்காரச் சொன்னார்.

மாமா நிற்கும்போது நான் எப்படி உட்காருவேன்? எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா நாற்காலியைப் பார்த்தார், உட்கார்ந்தார். துரை என் பக்கம் கையைக் காட்டி, அதை அங்கே வைத்துவிட்டு ஓரமாக நில் என்றார். வைத்தேன். நின்றேன். சொன்னபடி செய்வதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

துரை கேட்க ஆரம்பித்தார். மாமாவுக்கு அதில் ஒன்றும் விசேஷமாகப் படவில்லை. பையனைப் பற்றிப் பெரியவரிடம்தானே கேட்பார்கள். அவர் மனப்பாடம் பண்ணியபடியே, பழக்கதோஷத்தில் 'நான்' 'நான்' என்றே ஒப்பித்தார். எங்கே பிறந்தது, என்ன படித்தது, எதற்காக இந்த வேலை, எல்லாம் என் நோட்டில் நான் எழுதியது, ஒரு சொல் மாறவில்லை. சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது என் பதில்கள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. (அப்படியும் ஒரு ஜென்மம்.) பிறகு துரை நோட்டில் இல்லாத கேள்வி ஒன்று கேட்டார். லோரிக்காரர்கள் கிடங்கில் வந்து சண்டை போட்டால் என்ன செய்வாய்? மாமா அசரவில்லை. துணிக்கடையில் ஒரே சேலையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்த கதையைச் சொன்னார், நடித்தும் காட்டினார். துரை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு காகிதத்தை நகர்த்தி, பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அப்போதுதான் மாமாவுக்கு விஷயம் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. பதறிப்போய், கையெழுத்துப் போட வேண்டியது நான் இல்லை சார், வேலைக்கு வந்தது இவன், என் அக்கா மகன் என்று என்னைக் காட்டினார். துரை முதல்தடவையாக என்னைப் பார்த்தார். பழத்தட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பொறுமையான மனுஷன்தான், இப்போதும் சொல்வேன். நாற்பதில் முதல் கேள்வியையே கேட்டார்: உன் பெயர் என்ன?

பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரிந்த பெயர். உதட்டில்தான் இருந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதற்கு நாலு இறக்கை. துரை மறுபடி மெதுவாகக் கேட்டார். அப்பா, கமலம், கப்பல் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. வந்து நின்று என்ன செய்ய? வாய் திறக்கவில்லை. வியர்வை மட்டும் திறந்துகொண்டு ஊற்றியது.

துரை பேனாவை மறுபடி மாமா பக்கம் தள்ளினார். எழுதுகிற ஆள் எங்கேயும் கிடைப்பான், கிடங்கில் பேசுகிற ஆள்தான் வேண்டும், உனக்கு இந்த வேலை வேண்டுமா என்று கேட்டார். நான் ஆறாவதுதான் சார், பையன் சீனியர் என்று மாமா சொல்லிப் பார்த்தார். பரவாயில்லை என்றார் துரை. மாமா என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

"டேய், வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே எந்திரிச்சு வந்துடறேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

ஒரு வார்த்தை. அதுவும் தமிழில், அதுவும் மாமாவிடம். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அந்தத் துரை எனக்கு வேலை கொடுத்திருப்பாரா தெரியாது, இன்னொரு தடவை கேட்டிருக்கலாம், நாளைக்கு வா என்றிருக்கலாம். ஆனால் அந்த நிமிஷம் என் மனசில் வந்தது அதெல்லாம் இல்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இனிமேல் இந்த அறையில் நான் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதி. அதற்காக ஒரு வீட்டையே கொடுத்தேன். சரி, நீங்களே போடுங்கள் என்று தலையாட்டினேன். மாமா கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது ரயிலில் மாமா கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் அம்மா கேசரி கிண்டி வைத்திருந்தாள். நடந்ததை மாமாதான் சொன்னார், நான் எங்கே சொல்வேன். முதலில் சிரித்தது கமலம். "அப்ப அண்ணன் பழம் தூக்கத்தான் போச்சா?" என்றாள். அவள் சிரித்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாமாவுக்கு, கடைசியில் அப்பாவுக்கும். நாங்கள் ஐந்து பேரும் கேசரியைச் சுற்றி உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எல்லாரும் சொல்லும் கதை இதோடு முடிந்துவிடும்.

சிரித்து ஓய்ந்ததும் மாமா அப்பாவின் காலைத் தொடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். வீடு யார் பெயரில் இருந்தால் என்ன மச்சான், எல்லாரும் கிள்ளானுக்கு வாருங்கள் என்றார். அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். மகன் வீடு என்றால் அது அவர் வீடு. மனைவியின் தம்பி வீட்டில் போய்ச் சாப்பாட்டுக்கு உட்காருவதா? அந்தத் தம்பி மூன்று வருஷம் அவர் வீட்டில் சாப்பிட்டது வேறு விஷயமாம். அம்மா இரண்டு நாள் அழுது பார்த்தாள். "அவன் வாயத் தொறந்திருந்தா நான் போயிருப்பேன்," என்றார் அப்பா. என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

என்னை மட்டும் மாமாவோடு விட்டுவிட்டு அவர்கள் கப்பலேறினார்கள். துறைமுகத்தில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு வரி எழுதி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அதற்கும் தயார் செய்துகொண்டுதான் போனேன், பாருங்கள். அம்மா வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். கமலம் புதுச் சட்டை போட்டிருந்தாள், கப்பல் எவ்வளவு பெரிது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என் தோளில் கை வைத்துவிட்டு ஏறிப்போனார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை.

அப்பா நாலாம் வருஷம் ஊரில் செத்துப்போனார். தந்தி வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. கமலத்தைப் பதினாலு வயதில் யாருக்கோ கட்டிக்கொடுத்தார்கள். நடுவில் உலகச் சண்டை வந்து கப்பலே இல்லாமல் போனது. நான் அவளை மறுபடி பார்த்தபோது இருபத்திரண்டு வருஷம் ஓடியிருந்தது. வாசலில் நின்று என்னைப் பார்த்து, "வாங்க," என்றாள். என்னோடு தலைமுடியைப் பிடித்துச் சண்டை போட்டவள், விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி, வாங்க என்றாள்.

மாமா நல்ல கிராணியாகப் பெயர் எடுத்தார். பகலெல்லாம் கிடங்கில் பேசுவார், சாயங்காலம் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். எழுதியது நான். 'உங்கள் கடிதங்கள் பிரமாதம்' என்று துரை அவரைப் பாராட்டினாராம், மாமா வந்து என்னிடமே பெருமையாகச் சொன்னார். பிறகு அவர் கீழேயே என்னை உதவி எழுத்தராகச் சேர்த்துவிட்டார். இன்டர்வியூ கிடையாது, மாமா சொன்னால் போதும். எனக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார், பிள்ளைகளுக்குப் பேர் வைத்தார். அவர் மேல் ஒரு குறை சொல்ல எனக்கு வழி வைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

போன மாதம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் மாமாவுக்கு எண்பதாம் கல்யாணம் நடந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னார். நாற்காலி, தட்டு, என் முழி எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவின் பேத்தி, பத்து வயதிருக்கும், அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, ஒங்களுக்குத்தான் வேணும்னு ஏன் சொல்லல?" என்று நல்ல சத்தமாகக் கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்தக் குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த நிம்மதியை, அப்பாவை, கமலம் சொன்ன 'வாங்க'வை, எல்லாவற்றையும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவனுக்கு அந்த வேல பிடிக்கலம்மா," என்றார் மாமா, மைக்கில். "அதான் எனக்கு விட்டுக் குடுத்துட்டான்."

எல்லாரும் கை தட்டினார்கள். அது உண்மையா என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.